உடல் ஓர் அமானத்



வலீமா விருந்தில் பருத்த உடல் கொண்ட ஒரு சகோதரி சஹனின் முன் அமர்கிறார். "வாயைக் கட்ட வேண்டியதுதானே!" என்று பக்கத்தில் கிசுகிசுக்கிறார்கள். அப்படிப் பேசியவர்களில் நாமும் இருந்திருக்கிறோம். முழங்கால் வலியால் ஸுஜூது செய்ய இயலாமல் நாற்காலியில் அமர்ந்து தொழும் அவருடைய வேதனையை நாம் என்றாவது எண்ணிப் பார்த்தோமா?

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு வரம்பு காட்டித் தந்தார்கள். அதைப் பேணுவது நம் கடமை. ஆயினும் பருத்தவரெல்லாம் பெருந்தீனிக்காரர் என்று தீர்ப்புக் கூற நமக்கு உரிமையில்லை. பரம்பரை, சுரப்பிக் கோளாறு, சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகின்றன. பட்டினி கிடந்து இளைத்தாலும், பசி மிகுந்து, இழந்த எடையை மீட்கவே உடல் முயல்கிறது. இது நோய். நோய்க்கு மருத்துவம் தேடும்படி ஏவியவர்களும் நம் நாயகமே.

மற்றச் சிகிச்சைகள் பலன் தராதபோது மருத்துவர்கள் அறுவையை ஆலோசிக்கிறார்கள். ஒரு முறையில் இரைப்பையின் முக்கால் பங்களவு அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் 'கிரெலின்' சுரப்பும் குறைகிறது. மற்றொன்று 'பைபாஸ்': இரைப்பையின் மேற்புறம் சிறு பை அமைத்துச் சிறுகுடலோடு இணைப்பார்கள். 1966-ல் அமெரிக்காவின் அயோவாவில் டாக்டர் எட்வர்ட் மேசன் இம்முறையைத் தொடங்கினார். இவற்றால் பலருக்குச் சர்க்கரை நோயும், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் தணிகின்றன.

"அல்லாஹ்வின் படைப்பை மாற்றலாமா?" என்று சிலர் கேட்கலாம். அழகுக்காக உடலை மாற்றுவது வேறு. நோய் தீர்க்கும் சிகிச்சை வேறு. ஆலிம்கள் இவ்வேறுபாட்டை விளக்கியிருக்கிறார்கள். மெலிந்த தோற்றத்திற்கு மட்டும் ஆசைப்பட்டுக் கத்திக்கு உடலைக் கொடுப்பது அமானத்தைப் பேணுவதாகாது. இரத்தக்கசிவு, தையலில் கசிவு போன்ற ஆபத்துகளும் உண்டு என்பதை மறக்கலாகாது.

அறுவையோடு எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை. பி12, இரும்பு, கால்சியம் போன்ற சத்துகளை வாழ்நாள் முழுதும் மருந்தாக உட்கொள்ள வேண்டும். இனிப்பு மிகுந்தால் படபடப்பும் மயக்கமும் வரலாம். பழைய வழக்கத்திற்குத் திரும்பினால் எடையும் திரும்பும். தண்ணீரையும் சிறிது சிறிதாகவே பருக முடியும் என்பதால், தொடக்க மாதங்களில் ரமளான் வந்தால் மருத்துவரிடம் கேட்டே நோன்பைத் தீர்மானிக்க வேண்டும். நோயாளி வேறு நாள்களில் களா செய்ய அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். அதை ஏற்பதில் வெட்கமில்லை.

எனவே அந்தச் சகோதரி அடுத்த விருந்துக்கு வரும்போது, "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள்" என்று வற்புறுத்தவும் வேண்டாம். முதுகுக்குப் பின்னால் நகைக்கவும் வேண்டாம். அவருக்காக துஆச் செய்வோம். நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.