மோதிர விரலில் நின்ற கணக்கு

அந்த அம்மாவின் கட்டைவிரல், மோதிர விரலின் நடுக்கணுவில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏன் போகவில்லை என்ற கேள்வி ஐப்பசியிலிருந்து என்னை விடவில்லை.

உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயத்துக்குப் போகும் வழி. ஞாயிற்றுக்கிழமை காலை. திருத்துறைப்பூண்டியிலிருந்து ஸ்கூட்டியில் போயிருந்தேன். நடவுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களில் மூத்தவர் என் கேமராவின் நீண்ட லென்ஸைப் பார்த்து, "இது என்ன வெலம்மா?" என்றார். லட்சத்தைத் தாண்டும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் சுண்டுவிரலில் தொடங்கிக் கணுக்கணுவாக எண்ணினார். மோதிர விரலின் நடுக்கணுவில் விரல் நின்றது. "சரிம்மா, வெயில் ஏறுறதுக்குள்ள எடு" என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கிப் போனார். முகத்தில் ஏளனம் இல்லை, ஏக்கமும் இல்லை. ஏதாவது ஒன்று இருந்திருந்தால் மறந்திருப்பேன்.

எதை எண்ணினார்? நடவுக் கூலியையா, அது கிடைக்கும் நாட்களையா, வீட்டில் யாருக்கோ கட்ட வேண்டிய தொகையையா? ஐந்தாவது கணுவில் விடை கிடைத்துவிட்டதா, இல்லை எண்ணி மாளாது என்று விட்டுவிட்டாரா?

வீட்டில் யாரும் என்னைத் தடுப்பதில்லை. லென்ஸ் என் சம்பளத்தில் வாங்கியது, கடன் இல்லை. நான் கிளம்பும் காலைகளில் என் கணவர் தானே தோசை ஊற்றிக்கொள்கிறார். நியாயம் கேட்பவர் யாருமில்லாத இடத்தில் நியாயத்தை நானே தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அப்பாயிதான் நினைவுக்கு வருகிறாள். கூடத்துச் சுவரில் மாலையோடு இருக்கும் அவள் படம், வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கப்பட்டது. 1990-களில் தேர்தல் ஆணையம் புகைப்பட அட்டை கொண்டுவராமல் போயிருந்தால் அவளுக்கு முகமே மிஞ்சியிருக்காது. ஸ்டூடியோக்காரர் அட்டையில் இல்லாத தோள்களை வரைந்து, பட்டுப்புடவையும் கட்டிவிட்டார். அப்பாயி பட்டு உடுத்தி நான் பார்த்ததில்லை. உயிரோடு இருந்தபோது அவளை ஒரு படம் எடுத்துவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அது வீண்செலவாகப் பட்டிருக்கும். ஆகவே படம் எடுப்பது வீண் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் அப்பாயிகளை எடுப்பதில்லையே. நத்தைகுத்தி நாரைகளைத்தானே எடுக்கிறேன்.

டிரைப் என்பவரைப் பற்றி எப்போதோ படித்தது அடிக்கடி மனதில் ஓடுகிறது. லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசு அமர்த்திய புகைப்படக்காரர். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். மறு ஆண்டு ஆளுநராக வந்த டிரெவெல்யன், அரசின் நிதி நிலைமைக்கு இது பொருந்தாத ஆடம்பரம் என்று கருதி வேலையை நிறுத்திவிட்டார். அதன் பிறகு டிரைப் எடுத்த படங்கள் மிகக் குறைவு.

முதலில் படித்தபோது டிரெவெல்யன் மேல் கோபம்தான் வந்தது. இப்போது அவ்வளவு எளிதாகக் கோபப்பட முடியவில்லை. 1857 கலகம் கஜானாவைக் கரைத்திருந்த நேரம் அது. அவர் போட்ட கணக்கு பொய்க்கணக்கு இல்லை. அதே கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜனும் கணக்குத்தான் எழுதிவைத்தான்: கொடுத்த பொன், நகைகள், கோயில் ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள், ஆளுக்கு 100 கலம் நெல். ஆடலுக்கும் பாடலுக்கும் நெல் அளப்பது அவனுக்கு வீணாகப் படவில்லை. ஆனால் அந்த நெல்லை விளைவித்த கைகள் எதை எண்ணின என்று எந்தக் கல்லிலும் இல்லை.

பயனைச் சொல்லித் தப்பிக்கவும் பார்த்தேன். நான் படமெடுக்கும் இந்தச் சரணாலய ஏரி 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. மேட்டூர்த் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் நிரப்புவது, கோடையில் வறண்டுவிடுவது. எந்த ஆண்டு எந்தப் பறவை வந்தது என்பதற்கு என் படங்கள் சான்றாகலாம். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, விழுந்த மரங்களை எங்கள் பக்கத்து ஜனங்கள் செல்போனில்தான் எடுத்துவைத்தார்கள். உண்மையில் தேவைப்பட்ட படங்களுக்கு லட்ச ரூபாய் லென்ஸ் வேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது இதுதான். நத்தைகுத்தி நாரையின் அலகு மூடியிருந்தாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிக்குள் காலை வானம் துல்லியமாக விழும்போது எனக்கு வேறு எதுவும் வேண்டியிருப்பதில்லை. பள்ளிக்கூடம், அடுப்படி, விடைத்தாள் கட்டு எதுவும் நினைவில் இராது. அந்தச் சந்தோஷத்தைப் பொய் என்று சொல்ல என்னால் முடியாது.

சந்தோஷம் மட்டும் போதுமான காரணமா? ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தன் விருப்பப்படி கழிக்க இந்தப் பக்கத்தில் எத்தனை பெண்களுக்கு முடியும் என்று நினைத்தால் போதாது என்று படுகிறது. அவர்களுக்கு முடியாது என்பதற்காக நானும் விட்டுவிட வேண்டுமா? விட்டால் யாருடைய கூலியும் ஒரு ரூபாய் கூடப்போவதில்லை. இரண்டும் உண்மை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க எனக்குத் தெரியவில்லை. இப்போதைக்குப் புதிதாக எதுவும் வாங்குவதில்லை, இருப்பதை விற்பதுமில்லை. இதை முடிவு என்று சொல்வதா, முடிவெடுக்காமல் நாளைத் தள்ளுவது என்று சொல்வதா, அதுவும் எனக்குத் தெளிவாகவில்லை.