விதையின் உறக்கமும் திரோதானமும்

உதகமண்டலத்திற்குத் தென்மேற்கே, அவலாஞ்சிக்குச் செல்லும் வழியில் உள்ள எமரால்டில், தேயிலைச் சரிவுகளும் காரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களும் முடிந்து சோலைக்காடு தொடங்கும் விளிம்பிலே, புதர்களையும் சிறு மரங்களையும் பற்றிப் படர்ந்து, பெருமழை ஓய்ந்தபின் வெளிறிய மலர்களைக் கொத்துக் கொத்தாகத் தாங்கி நிற்கும் காட்டுக்கொடி ஒன்று உண்டு. தாவர சாஸ்திரிகள் அதனைக் கிளெமாட்டிஸ் வைட்டியானா என்பர். 19ஆம் நூற்றாண்டில் சென்னை ராஜதானியில் மருத்துவராக வந்து தாவர ஆராய்ச்சியிலே புகழ்பெற்ற ராபர்ட் வைட்டின் பெயரை அது தாங்கியிருக்கிறது. அவருடைய நூல்களுக்குச் சித்திரம் வரைந்து கொடுத்த ரங்கய்யா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர் இருவரையும் இவ்விடத்தில் நினையாமல் செல்வது நன்றியன்று.

இக்கொடியின் மலரில் அல்லிதழ்கள் இல்லை. நாம் இதழ் என்று கருதுபவை நான்கு புல்லிதழ்களே. இலைக்காம்பே வளைந்து கொம்பைப் பற்றிக்கொள்வதால் இதற்குத் தனியாகச் சுருள்கம்பிகளும் வேண்டியதில்லை. பூ வாடியபின் ஒவ்வொரு விதையின் தலையிலும் பட்டு நூல் போன்ற ஒரு வால் நீண்டு, காற்று வீசும் திசையிலெல்லாம் அதனைக் கொண்டுசெல்ல உதவுகிறது. அந்த விதையைச் சேகரித்து வீட்டுத் தோட்டத்திலே வளர்க்க முற்படுகிறவன், மட்கிய இலைமண்ணும் ஆற்றுமணலும் கலந்த தொட்டியில் மேலாகத் தூவி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மண் இட்டு, நிழலில் வைத்து, பூவாளியால் மெல்ல நீர் தெளித்துவருகிறான். வாரங்கள் கழிகின்றன, மாதங்களும் கழிகின்றன, மண்ணில் ஓர் அசைவும் இல்லை. பின்னர் ஒரு நாள் ஒரு முளை தோன்றும். அதனோடு ஒரே கொத்திலே பிறந்து, ஒரே நாளில் விதைக்கப்பட்டு, ஒரே நீரை உண்ட வேறொரு விதை அடுத்த ஆண்டில்தான் கண்விழிக்கும். தத்துவ விசாரத்திற்கு இடமளிப்பது இந்த வேற்றுமையே.

சாந்தோக்ய உபநிஷதத்தில் உத்தாலகர், ஆலம்பழத்தின் விதையைப் பிளக்கச் செய்து, உள்ளே ஒன்றும் காணாத தம் மைந்தன் சுவேதகேதுவுக்கு, அந்தக் காணாத சூட்சுமத்திலிருந்தே பெருமரம் எழுகிறது என்று உபதேசிக்கிறார். உள்ளே மறைந்திருப்பது யாது என்பது அங்கே எழும் வினா. மறைந்திருப்பது ஒருவனுக்கு முன்னரும் ஒருவனுக்குப் பின்னரும் வெளிப்படுவது ஏன், அந்தத் தாமதம் தண்டனையா, புறக்கணிப்பா என்பது நம் வினா.

தாவர நூலார் கூறும் காரணம் எளியது. இவ்வினத்துக் கொடிகளின் விதை தாய்க்கொடியை விட்டு நீங்கும்போது அதனுள் இருக்கும் கரு முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை. ஈர மண்ணில் கிடந்து, உள்ளேயே வளர்ந்து நிறைந்த பிறகுதான் அது வெளிவரத் தகுதி பெறுகிறது. நீலகிரியின் மேட்டு நிலத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி படிகிறது. அதன்பின் கோடைமழை விழும்வரை வறண்ட காற்று வீசுகிறது. விழுந்த உடனே முளைத்துவிட்ட விதை அப்பனியிலோ வறட்சியிலோ கருகிப்போகும். நம் கண்ணுக்குத் தடையாகத் தோன்றும் உறக்கம் அதற்குக் கவசம் என்றே நான் கருதுகிறேன்.

சைவ சித்தாந்தம் இறைவனுக்குரிய ஐந்தொழில்களுள் மறைத்தலை ஒன்றாக வைத்திருப்பதன் ஆழம் எனக்கு இங்கேதான் புலப்படுகிறது. படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் என்னும் நான்கையும் ஏற்றுக்கொள்ளும் உள்ளம், கருணையே வடிவானவன் தன்னை மறைப்பான் ஏன் என்று மயங்குகிறது. உயிர்களுக்கு ஆணவமலம் பக்குவப்படும்வரை மறைந்து நின்று அதனைச் செலுத்துவது திரோதான சக்தி. மலத்தைச் செலுத்துதல் பற்றி அதனையும் உபசாரமாக மலம் என்று எண்ணிய ஆசாரியர்களே, மலபரிபாகம் நேர்ந்தபோது அருட்சக்தியாகப் பதிவதும் அதுவே என்று தெளிவுபடுத்தினர். மறைத்ததும் அருளியதும் ஒன்றே என்பது அவர்கள் துணிபு. ஆகையால் பிந்தி முளைப்பவன் கைவிடப்பட்டவனல்லன்.

எனினும் உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்துச் செல்லலாகாது. விதைகளுள் பல உள்ளீடற்றவை. பல மண்ணிலேயே அழுகிவிடுகின்றன. உயிரோ அநாதி, நித்தியம். அதற்கு அழிவில்லை என்பது சித்தாந்தம். முளைக்காத விதையைக் காட்டி, ஈடேறாத உயிர் உண்டு என்று வாதிப்பவருக்குத் தொட்டியின் சாட்சி உதவாது.

அதைவிடப் பெரிய பிழை, எல்லாம் காலத்தால் தானே நிகழும் என்று கைகட்டி இருப்பது. உள்ளே கரு வளர்ந்துகொண்டிருக்கும் நிலையில் மண் ஒருமுறை முற்றிலும் வறண்டுவிட்டால், பல மாதத்துப் பக்குவம் ஒரு வாரத்தில் பாழாகும். செயலின் காரணங்களாகப் பகவத்கீதை இடம், கர்த்தா, கருவிகள், பல்வகை முயற்சி, தெய்வம் என ஐந்தைக் கூறுகிறது. தெய்வத்தை ஐந்தாவதாகச் சொன்ன அந்நூல் ஏனைய நான்கினின்றும் மனிதனை விடுவிக்கவில்லை. நீர் வார்ப்பவன் முளையை உண்டாக்குவதில்லை. ஆயினும் நீர் வார்க்காமல் இருக்க அவனுக்கு உரிமை இல்லை. பயன் கண்ணுக்குத் தெரியாத நாட்களிலும் தளராமல் செய்யும் அந்தப் பணியையே நான் வழிபாட்டுக்கு ஒப்ப மதிக்கிறேன்.

சீகை மரமும் கற்பூர மரமும் அயல்நாட்டிலிருந்து வந்து சோலைகளையும் புல்வெளிகளையும் பெரும்பரப்பில் விழுங்கிய இம்மலையிலே, மண்ணுக்குரிய கொடி ஒன்றை வேலியில் ஏற்றுவது நல்ல காரியம். காப்புக்காட்டினுள் கைவைக்காமல், தோட்டத்து வேலியிலோ உரியவரின் இசைவுடன் அவர் நிலத்திலோ பழுத்த விதைகளில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் புதிதாகவே விதையுங்கள். முதல் ஆண்டில் ஒன்றும் முளைக்கவில்லை என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். அடுத்த தென்மேற்குப் பருவமழை பெய்து முடியும்வரை மண்ணின் ஈரத்தைக் காத்து வாருங்கள்.