நிற்கும் வண்டிக்கு வாடகை

பெங்களூர் சிவாஜிநகரில் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பார்கள். காவிரித் தண்ணீரா, போர்வெல்லா, எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று. பிறகு அட்வான்ஸ், லிப்ட், ஜெனரேட்டர். காரை எங்கே விடுவது என்ற கேள்வி கடைசியில், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது வரும். புரோக்கரும் பதிலைத் தயாராக வைத்திருப்பார்: "ரோட்லயே விட்டுக்கலாம் சார், இங்க எல்லாரும் அப்படித்தான் விடறாங்க." அந்த எல்லாரும் நமக்கு முன்பே வந்து இடம்பிடித்துவிட்டார்கள் என்பது குடிவந்த முதல் வாரத்தில் தெரியும்.

இந்தத் தெருக்கள் காருக்காகப் போட்டவை அல்ல. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்ட் அமைத்தபோது பட்டாளத்தோடு சிப்பாய்களும், அவர்களுக்குச் சாமான் விற்கிறவர்களும், கொத்தனார்களும் தமிழ்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறினார்கள். பிளாக்பள்ளி என்ற அந்தப் பழைய பகுதிதான் இன்றைய சிவாஜிநகர். வீரப்பிள்ளை தெரு, நாராயணப் பிள்ளை தெரு, தர்மராஜா கோயில் தெரு என்று தெருப்பெயர்களில் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாட்டு வண்டியும் ஜட்காவும் போய்வரப் போதுமான அகலம். அதற்குமேல் யாரும் யோசித்திருக்கத் தேவையில்லை. பங்களாக்காரர்கள் மட்டும் பின்பக்கம் குதிரை லாயம் கட்டியிருந்தார்கள். கார் வந்ததும் அந்த லாயமே ஷெட் ஆனது. குதிரை வைத்திருந்தவன் அதைக் கட்டுவதற்கு இடமும் வைத்திருந்தான். நமக்குத்தான் அந்த இரண்டாவது பாதி மறந்துபோனது.

கடைக்குப் போகும்போது அரைமணி நேரம் ஓரங்கட்டுவது வேறு சங்கதி. நான் சொல்வது இரவெல்லாம், வாரமெல்லாம், ஊருக்குப் போனால் மாதக்கணக்கில் நிற்கிற வண்டியை. சிவாஜிநகரில் அப்படி ஒரு காரைத் தெருவில் விட்டுவைத்தால் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாழவேண்டும். ஆகஸ்ட் 29-இல் புனித மரியன்னை பேராலயத்தில் கொடியேறிவிட்டால் செப்டம்பர் 8 வரை அக்கம்பக்கத்துத் தெருவெல்லாம் காவி உடுத்தியவர்களின் கூட்டம். தேர் வருகிற வழியில் ஒரு சக்கரமும் நிற்கக்கூடாது. ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறந்தபின் கடைகள் தெருவுக்கு வந்துவிடும், கபாப் புகைக்கு நடுவில் காரை வெளியே எடுப்பது சகருக்கு அப்புறம்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கமர்ஷியல் ஸ்ட்ரீட் கூட்டம் எங்கள் சந்துவரை வழிந்துவிடும். இந்த மூன்று காலமும் எனக்குப் பிடித்தவை. தெருவில் கார் நிற்காதவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பிடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவைப் படித்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் விடப்பட்ட வண்டியைக் காவல்துறை அப்புறப்படுத்தலாம். மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பி மறுநாள் காலை ஒன்பதுக்கு அலுவலகம் கிளம்புகிற ஒழுங்கான குடும்பஸ்தனின் கார்கூட இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். இதை அப்படியே அமல்படுத்தினால் ஒரே இரவில் பெங்களூரில் பாதித் தெருக்கள் காலியாகிவிடும்; அதனால்தான் யாரும் அமல்படுத்துவதில்லை. இழுவை வண்டிகள் மீதான புகார்கள் பெருகி 2022-இல் அவற்றை நிறுத்திவைத்தபோது நகரமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது நினைவிருக்கலாம்.

சரி, அடுக்குமாடிக்கு உள்ளேயாவது இடம் இருக்கிறதா என்றால், பழைய கட்டடங்களில் வரைபடத்தில் வண்டிக்கென்று காட்டிய தரைத்தளம் தையல் கடையாகவோ சரக்கு வைக்கும் இடமாகவோ மாறி வெகுகாலம் ஆகியிருக்கும். மிஞ்சிய இடத்தைத் தனியாக விலைபேசி விற்றிருப்பார்கள். நாகல்சந்த் லாலூசந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது: தூண்களுக்கு நடுவே இருக்கும் நிறுத்துமிடம் தனிச் சொத்து அல்ல, குடியிருப்பவர்களின் பொது இடம், அதைக் கட்டுநர் தனியே விற்க முடியாது. அது மும்பைக் கட்டடம் ஒன்றைப் பற்றிய வழக்கு. இங்கே சங்கக் கூட்டத்தில் அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், பணம் கொடுத்து வாங்கினவர் பத்திரத்தோடு எழுந்து நிற்பார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, என்ன செய்ய.

நான் இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டின் ஷெட்டை மாத வாடகைக்கு எடுத்திருக்கிறேன். தகரக் கூரை, இரும்புக் கதவு, உள்ளே ஓர் அம்மிக்கல். ஷெட் கிடைத்தால் கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்தில் இருக்கிறது, எலிகளும் இருக்கின்றன. ஒரு கோடை முழுக்க ஊரில் இருந்துவிட்டு வந்து பானெட்டைத் திறந்தபோது பேட்டரிக்குப் பக்கத்தில் வெங்காயத் தோல், தேங்காய் நார், துணிக் கிழிசல் எல்லாம் சேர்த்து ஒரு குடித்தனமே நடந்திருந்தது. இரண்டு ஒயர்கள் செம்பு தெரியக் கடிபட்டிருந்தன. மெக்கானிக் பாய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஓடற வண்டி கெடாது சார், நிக்கற வண்டிதான் கெடும். அடுத்த தபா போறப்ப நெகட்டிவ் ஒயரைக் கழட்டிட்டு, காத்து கொஞ்சம் ஜாஸ்தி அடிச்சுட்டுப் போங்க. ஹேண்ட்பிரேக் போடாதீங்க, கல்லு வச்சிடுங்க" என்றார்.

அவ்வளவு பாடுபட்டு இந்தக் காரை ஏன் வைத்திருக்க வேண்டும்? சிவாஜிநகரிலிருந்து எந்தப் பக்கம் போவதற்கும் பஸ் உண்டு, பூமிக்கடியில் மெட்ரோ நிலையமும் தயாராகிக்கொண்டிருக்கிறது. கடை, பள்ளி, பவுரிங் ஆஸ்பத்திரி எல்லாம் நடை தூரம். என் வண்டி மாதத்தில் நாலைந்து நாள்தான் வெளியே வருகிறது. முட்டி மடங்காத அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போக, ஆம்பூரில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு, ராத்திரியில் ஒரு சாவுச் செய்தி வந்தால். கார்கள் தம் வாழ்நாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நேரம் சும்மா நிற்கின்றன என்று அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் கணக்குப் போட்டார். இலவச நிறுத்தத்தின் விலையைப் பற்றி 2005-இல் தடிமனாக ஒரு புத்தகமே எழுதியவர். மீதமுள்ள ஐந்து பங்கை என்னால் விட முடியவில்லை. விடமுடியாத என் தேவைக்கு எதிர்வீட்டுக்காரர் ஏன் வாசலைத் தரவேண்டும் என்பதுதான் கேள்வி.

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது சுமார் 135 சதுர அடி வேண்டும். எங்கள் பின்சந்தில் அந்த அளவு அறையில் நான்கு பேர் குடியிருந்து, அதற்கு வாடகையும் கட்டுகிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் கொய்யாப்பழ வண்டியை நிறுத்துகிறவருக்கு 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். அது இருந்தும் சில நாள் விரட்டப்படுகிறார். அவர் விட்டுப்போன இடத்தில் வந்து நிற்கிற காரை யாரும் எதுவும் கேட்பதில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

பெங்களூருக்கான நிறுத்தக் கொள்கை ஒன்றுக்கு மாநில அரசு சில ஆண்டுகளுக்கு முன் ஒப்புதல் தந்தது. வீட்டருகே தெருவில் நிறுத்த ஆண்டு அனுமதிச் சீட்டு: சின்ன காருக்கு 1,000 ரூபாய், பெரிய காருக்கு 5,000. ஆயிரம் என்றால் நாளுக்கு மூன்று ரூபாய்கூட இல்லை, ஒரு டீயும் வராது. அந்தச் சீட்டு ஒட்டிய வண்டியை எங்கள் தெருவில் இதுவரை நான் பார்த்ததில்லை. ஜப்பானில் 1962-லிருந்தே சட்டம் இருக்கிறது. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இடம் வைத்திருப்பதாகக் காவல் நிலையத்தில் சான்று வாங்கினால்தான் காரைப் பதிவுசெய்ய முடியும். நம் ஊரில் நேர்மாறு. ஐந்நூறுக்கு மேற்பட்ட கார்கள் கொள்ளும் அடுக்கு நிறுத்தகத்தை ஃப்ரீடம் பார்க்கில் கட்டிமுடித்து, வெகுநாள் பூட்டிவைத்து, 2024-இல் திறந்தார்கள். திறந்த புதிதில் மாடிகள் பெரும்பாலும் காலியாகக் கிடக்க, வெளியே சாலையோரம் நிரம்பி வழிந்தது. வெளியே இலவசம் என்றால் உள்ளே யார் காசு கொடுப்பார்கள்? இன்னும் பத்து அடுக்கு நிறுத்தகம் கட்டுவதற்கு முன்னால் தெருவில் நிற்பதற்குக் காசு வாங்கட்டும், அந்தக் காசை அதே தெருவின் நடைபாதைக்குச் செலவழிக்கட்டும். நானும் கட்டுகிறேன்.

நகர நடுவில் வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்க்காதீர்கள், இரவு பத்துக்குப் போங்கள். நிறுத்துமிடத்தின் எண்ணை வாடகை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எண் இல்லையென்றால் பக்கத்தில் ஷெட் என்ன வாடகை என்று விசாரித்து, அதை வீட்டு வாடகையோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை கட்டுப்படியாகவில்லை என்றால் காரை விற்றுவிடுங்கள். பழைய உதிரிபாகம் முதல் முழு வண்டிவரை கைமாறுகிற சிவாஜிநகரில் அதற்கு ஆள் கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை.