மருந்தைக் குறைக்கத் துணிந்தவன்

அதிகம் போட்டால்தான் ஜெயிக்கலாம் என்று உனக்குச் சொன்னது யார், தம்பி? அதிகச் சத்தம், அதிக வேகம், அதிக ஆவேசம்! அப்படிச் சொன்னவனை அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைக்காட்டுக்கு ஒருமுறை அனுப்பிவை. கையில், குழலின் வாய்வழியே மருந்து கிட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கி. எதிரே ஹிக்கரி மரக்கிளையில், சுமார் அரைக் கிலோ தேறும் ஒரு சாம்பல் அணில். அங்கே அது குழம்புக்கான வேட்டை. மானைச் சுடுவதுபோல், துளை பெரிய 50 காலிபர் குழலில் 80, 90 கிரெய்ன் கருமருந்தைக் கொட்டிச் சுட்டால் என்ன மிஞ்சும்? புகையும் தோள்வலியும். சட்டிக்குப் போகக் கறி இருக்காது.

நீ துப்பாக்கியைத் தேடிப் போகாதே. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்திருக்கிறது. அந்த வேட்டைக்காரன் தனக்கான அளவைக் கண்டுபிடிக்கிறானே, அந்தப் பிடிவாதத்தை மட்டும் எடுத்துக்கொள்.

கடையில் வாங்கும் தோட்டாவுக்குள் எவ்வளவு மருந்து என்பதைத் தொழிற்சாலை முடிவு செய்துவிடுகிறது. இவனுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் மருந்தை அளப்பவன் இவன்தான். தப்பினால் பழி சொல்லவும் வேறு ஆள் கிடையாது. அணிலுக்கென்றே துளை சிறிய 32 காலிபர் துப்பாக்கி வைத்திருக்கிறான். அதன் ஈயக்குண்டு சுமார் 45 கிரெய்ன், மூன்று கிராம்கூட இல்லை. 15 கிரெய்ன் மருந்தில் தொடங்குகிறான், ஏறக்குறைய ஒரு கிராம். 25 கஜத்தில் அட்டையை நட்டு, துப்பாக்கியை மேசையில் அணைத்து, அதே அளவில் ஐந்து முறை சுடுகிறான். பிறகு 20. பிறகு 25. ஓட்டைகள் எந்த அளவில் நெருங்கி விழுகின்றனவோ அங்கே நிற்கிறான். அதற்குமேல் போட வீரம் தேவையில்லை. நிறுத்தத்தான் நெஞ்சுரம் வேண்டும்! மருந்தை இரட்டிப்பாக்கினால் வேகம் இரட்டிப்பாகாது என்பது அவனுக்குத் தெரியும்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவான். மருந்தை மாற்றும்போது துணியைத் தொடமாட்டான். குண்டைச் சுற்றிப் போகும் எண்ணெய்த் துணி, சுட்டபின் சில கஜம் தள்ளி விழுந்து கிடக்கும். அதைக் குனிந்து பொறுக்கிப் பார்க்கிறான். கிழிந்திருக்கிறதா, கருகியிருக்கிறதா? துணி மெலிசு, அல்லது எண்ணெய் போதவில்லை. கருமருந்து எரிந்தால் பாதிக்கும் மேல் புகையாகவும் கசடாகவுமே மிஞ்சும். ஆகவே ஒவ்வொரு வெடிக்கும் பிறகு குழலைத் துடைக்கிறான். எத்தனை பேர் தோற்ற இடத்தில் குனிந்து பார்க்கிறோம், சொல்? தோல்வியைத் திட்டிவிட்டு நடையைக் கட்டுகிறவர்கள்தாம் ஊரில் அதிகம்.

குறைப்பது வேறு, அரைகுறை வேறு. எவ்வளவு குறைந்த மருந்தானாலும் குண்டு அதன்மேல் அழுந்த உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் குழலே வெடிக்கலாம். திணிக்கும் கோலில் அடையாளக் கோடு போட்டுச் சரிபார்ப்பது அதற்காகத்தான். இந்தக் காலத்துப் புகையில்லா மருந்தை இந்தக் குழலில் போட்டால் பிழைப்பதே அதிர்ஷ்டம். இந்த இரண்டிலும் அவன் யாரோடும் சமரசம் பேசுவதில்லை.

பஞ்சத்தில் பிறந்த கலை இது. 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த குட்டையான, வாய் பெருத்த துப்பாக்கியின் குழலை நீட்டினார்கள், துளையைச் சுருக்கினார்கள். காட்டோர வாழ்க்கையில் ஈயம் அரிது, மருந்து அரிது. பிறகு வந்த அணில் துப்பாக்கிகளில் துளை இன்னும் சிறுத்தது. கணக்குப் போட்டுப் பார்: ஒரு பவுண்டு ஈயத்தில் 50 காலிபர் குண்டு நாற்பதுகூட வராது, 32 காலிபரில் நூற்றைம்பதைத் தாண்டும். இல்லாமைதான் அவர்களைக் குறிபார்க்கப் பழக்கியது. அணிலைத் தொடாமல் அதன் அடியிலுள்ள மரப்பட்டையில் சுட்டு, அந்த அதிர்ச்சியிலேயே வீழ்த்துவதை, எல்லைப்புற வேட்டைக்காரர் டேனியல் பூன் செய்யக் கண்டதாகப் பறவையியலாளர் ஆடுபன் எழுதிவைத்திருக்கிறார்.

அந்தத் துப்பாக்கிகள் போருக்கும் போயின. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பரில் தென்மாநிலங்களின் படை ஒஹையோவின் சின்சினாட்டி நகரை நெருங்கியபோது, அம்மாநில ஆளுநர் டேவிட் டாட் ஆள் கேட்டார். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். பலர் கையில் இருந்தது வீட்டில் தொங்கிய வேட்டைத் துப்பாக்கிதான். 'அணில் வேட்டைக்காரர்கள்' என்றே வரலாற்றில் பெயர் பெற்றார்கள். பெரிய ஆயுதம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தென்படை நகரைத் தாக்காமலே திரும்பிப் போயிற்று.

நீ எதற்குக் காத்திருக்கிறாய்? பெரிய மூலதனமா, பெரிய சிபாரிசா? கையில் இருப்பதில் தொடங்கு. பக்கத்து வீட்டுக்காரனின் அளவைக் கடன் வாங்காதே. அவன் குழல் வேறு, உன் குழல் வேறு. இன்று ஒன்றை மட்டும் மாற்று. விளைவை நோட்டில் எழுது. நாளை அடுத்ததைத் தொடு.