ஈடுகட்டாத நன்மை

மனிதன் கடவுள் முன் நீதிமானாக நிற்பது விசுவாசத்தாலா, நற்செயலாலா? கிறிஸ்தவ உலகை நெடுங்காலம் பிரித்துவைத்த கேள்வி இது. தமிழ் மண்ணிலும் இதன் சூடு தணிந்திருக்கவில்லை. 1706-ல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய மிஷனரி சீகன்பால்கு, விசுவாசமே போதும் என்ற லுத்தரின் போதனையைக் கொண்டுவந்தார். லுத்தரன் போதனைகளை மறுத்துச் சேசு சபைத் துறவி வீரமாமுனிவர் 1728-ல் 'வேத விளக்கம்' எழுதினார். இறைவனின் அருளா, மனிதனின் முயற்சியா என்பது இந்த நாட்டுக்கு அதற்கு முன்பே தெரிந்த வழக்குதான். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியையும் காட்டி வைணவத்தின் வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்டிருக்கிறார்கள்.

1517-ல் லுத்தரைக் கொதிக்கவைத்தது பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை. காசு கொடுத்தால் தண்டனை குறையும் என்றால், குற்றத்துக்கு ஒரு விலை வந்துவிடுகிறது. விலை கொடுக்க முடிந்தவனுக்கு மனம் திரும்பவேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. மீட்பு கடவுளின் இலவசக் கொடை, அதை எந்தச் செயலாலும் வாங்க முடியாது என்று அவர் சொன்னதன் அறம் இங்கேதான் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையும் பணத்தோடு பிணைந்த அந்த வழக்கத்தை 1567-ல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் காலத்தில் ஒழித்தது.

ஆனால் விசுவாசமும் ஒரு சீட்டாக மாறக்கூடும். "நான் மன்னிக்கப்பட்டவன், இனி என்மேல் பழி இல்லை" என்று ஒருவன் அமர்ந்துவிட்டால், அவனால் அடிபட்டவனுக்கு என்ன ஆறுதல்? செயலற்ற விசுவாசம் செத்தது என்று யாக்கோபின் நிருபம் கண்டிப்பது இவனைத்தான். 1547-ல் திரெந்து பொதுச்சங்கம் வெறும் விசுவாசம் போதும் என்பதை மறுத்தபோது அஞ்சியதும் இந்த ஆபத்தைத்தான். உயிருள்ள விசுவாசம் சும்மா இராது என்பதை லுத்தரும் வலியுறுத்தியவரே. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள்: அருளே முதல், நற்செயல் அதன் கனி. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை என்றாலும் அடிப்படையில் உடன்பாடு பிறந்தது.

இந்த உடன்பாட்டை உரசிப் பார்க்க ஓர் இடம் வேண்டுமென்றால், ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்குப் போகலாம். நந்திமலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் சாக்கடையையும் ஆலைக்கழிவையும் சுமந்துகொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மழைக்காலத்தில் மதகு திறந்தால் துர்நாற்றத்தோடு நுரை மலையாகப் பொங்கித் தரைப்பாலத்தை மூடுகிறது. ஏறத்தாழ 8,000 ஏக்கர் பாசனம் இந்த அணையை நம்பியிருக்கிறது.

ஆற்றில் கழிவை விடுபவர், ஆலயம் கட்ட அள்ளிக் கொடுப்பவராகவும் இருக்கலாம். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுபவராகவும் இருக்கலாம். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. நல்ல சட்டம். அந்தப் பணத்தில் எழும் வகுப்பறையும் நல்லதுதான். ஆனால் படிக்கும் பிள்ளை ஒருவர், வயல் கெட்டவர் வேறொருவர். ஒருவருக்குச் செய்த நன்மையை இன்னொருவருக்கு இழைத்த தீமையில் கழித்துக்கொள்ளும் உரிமை கொடுத்தவருக்குக் கிடையாது. அது பழைய சீட்டு வியாபாரத்தின் புதிய உருவமே.

"நஞ்சு ஒருவர் கலந்ததல்லவே, நகரமே கலந்தது. என் பங்கு எவ்வளவு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லைக்கு அந்தப் பக்கம் குளியலறையில் சோப்பு நுரை கழுவியவருக்கும் இதில் துளி பங்கு உண்டு. ஆனால் பங்கு சிறிது என்பதால் கடமை இல்லாமல் போகாது. கழிவுநீர் நிலையத்தை ஒழுங்காக ஓட்டவேண்டிய அதிகாரிக்கு ஒரு கடமை, மின்செலவை மிச்சம் பிடிக்க அதை நிறுத்திவைக்காமல் இருக்கவேண்டிய ஆலைக்கு ஒரு கடமை, அந்த நிலையத்துக்கு நிதி கேட்டுக் குரல் கொடுக்கவேண்டிய குடிமகனுக்கு ஒரு கடமை.

இந்தக் கடமையைத் தீர்க்கும் வழியைக் காட்டுபவன் லூக்கா நற்செய்தியில் வரும் சகேயு. அவன் வரிவசூலிப்பில் பணம் சேர்த்தவன். இயேசு அவன் வீட்டுக்கு வருவதாகச் சொன்னது, அவன் ஒரு காசும் கொடுப்பதற்கு முன்பு. ஆகவே அருள் விலைக்கு வரவில்லை. ஆனால் அருள் வந்தபின் அவன் வெறும் நன்றி சொல்லி நிற்கவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாக அறிவித்தான். அதோடு நிற்காமல், ஏமாற்றியவர்களுக்கு நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். தருமத்தையும் திருப்பிக் கொடுப்பதையும் அவன் தனித்தனியே வைத்தான். முன்னது அன்பு, பின்னது கடன். அன்பைக் காட்டிக் கடனைத் தள்ளுபடி செய்துகொள்ள அவன் முயலவில்லை.

விசுவாசம் பெரிதா செயல் பெரிதா என்ற வழக்கில் அறம் எதிர்பார்க்கும் தீர்ப்பு இதுவே. சொர்க்கத்துக்காகச் செய்யும் நன்மை பிறனை ஏணியாக்குகிறது. நன்மையில்லாத விசுவாசம் பிறனை மறந்துவிடுகிறது. மன்னிப்பு உறுதி என்று நம்புகிறவனுக்குத் தன் குற்றத்தை மறைக்கவேண்டிய தேவை இல்லை. அவனால்தான் அச்சமின்றி, "இது என்னால் கெட்டது, நான் சரிசெய்கிறேன்" என்று சொல்ல முடியும். அப்படிச் சொல்லத் துணியாத விசுவாசத்தை எந்தச் சபையாரும் விசுவாசம் என்று ஏற்க வேண்டியதில்லை.