மூன்றாவது ஆளின் செலவு

சிக்கனம் நல்ல குணம் என்பதில் நமக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. இருப்பதை வைத்துச் சமாளிப்பவரைப் பாராட்டுவதும், அகலக்கால் வைப்பவரைக் கண்டிப்பதும் நம் வீடுகளில் சின்ன வயதிலேயே காதில் விழுந்துவிடும். ஆனால் சிக்கனத்தைப் பற்றி நாம் அவ்வளவாகக் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. மிச்சம் பிடித்த பணம் எங்கிருந்து வந்தது? நான் ஒரு சுகத்தை விட்டுக்கொடுத்ததால் வந்ததா, இல்லை வேறொருவர் தலையில் சத்தமில்லாமல் ஒரு ஆபத்தை ஏற்றிவைத்ததால் வந்ததா?

இதை யோசித்துப் பார்க்க ஒரு பழைய பொலேரோ போதும்.

சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம், கழுகுமலை பக்கம் போனால் கரிசல். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த மண் வேறொரு பொருளாக மாறிவிடும். மண்ணிலுள்ள களி தண்ணீரை உறிஞ்சி வீங்கும். டயரின் பள்ளங்களை அடைத்துக்கொண்டு, சக்கரத்தை வழவழப்பான ஒரு உருளையாக ஆக்கிவிடும். தார் ரோட்டை விட்டு, காட்டுக்கு (இந்தப் பக்கம் காடு என்றால் விளைநிலம்தான்) இறங்கும் வண்டிப்பாதையில் நடந்து போனாலே செருப்பு ஒரு கிலோ கூடும். அந்தக் காலத்து மாட்டுவண்டிச் சக்கரம் மார்பளவு உயரம் இருந்தது அழகுக்காக இல்லை. பெரிய சக்கரம் குழியில் குறைவாக இறங்கும், மேட்டில் லேசாக ஏறும். ஆகவே பழைய வண்டியைக் கொஞ்சம் உயர்த்தி, டயரைப் பெரிதாக்க வேண்டும் என்ற ஆசையை வெறும் வீடியோ பார்த்து வந்த பவுசு என்று தள்ளிவிட முடியாது. அதற்கு இந்த மண்ணில் ஒரு பரம்பரை உண்டு.

பட்டறையில் பேச்சு இப்படித்தான் போகும். “அண்ணாச்சி, ரெண்டு இஞ்ச் ஏத்தி, டயரையும் பெருசாக்கிருவோம். நாப்பதாயிரத்துக்குள்ள முடியுமா?” “முடிச்சிரலாம் தம்பி.” பணம் கொடுப்பவர் ஒருவர், வேலை செய்பவர் ஒருவர். இருவருக்கும் சம்மதம். இதில் தவறு எங்கே வந்தது என்று தோன்றும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பொலேரோவின் டயர் அளவு 215/75 ஆர்15. விட்டம் ஏறக்குறைய 703 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் 733. விட்டம் 30 மில்லிமீட்டர் கூடுகிறது என்றால், அச்சு தரையிலிருந்து அதில் பாதி, 15 மில்லிமீட்டர்தான் உயரும். ஸ்பிரிங்குக்கு மேலே ஸ்பேசர் வைத்தும், பின்னால் நீளமான ஷேக்கிள் மாட்டியும் ஏற்றுகிற அந்த இரண்டு இஞ்ச், வண்டியின் உடம்பைத்தான் தூக்குகிறது. பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் அங்கேயேதான் இருக்கும். சேற்றுப் பாதையில் நடுமேட்டில் முதலில் இடிப்பது அதுதான். அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். உடம்பு உயர்வதால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்க இடம் கிடைக்கும், ஓடைக்கரையில் இறங்கி ஏறும்போது முன்பம்பர் இடிக்காது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் பெரும்பகுதி, நாம் நினைக்கிற வேலையைச் செய்வதில்லை.

அது செய்யும் வேறு வேலைகள் இருக்கின்றன. பிரேக் கொடுக்கும் முறுக்குவிசை மாறாமல் சக்கரத்தின் ஆரம் மட்டும் 4 சதவீதம் கூடினால், தரையில் கிடைக்கும் பிடி ஏறக்குறைய 4 சதவீதம் குறையும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-ஐத் தாண்டியிருக்கும். பின்பக்கம் உயரும்போது, சேஸிலிருந்து அச்சுக்குப் போகும் பிரேக்கின் ரப்பர் ஹோஸ் இழுபடும். பல வண்டிகளில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைத்த பிரேக் வால்வு உண்டு. பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து, எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்று அது கணிக்கும். வண்டியை உயர்த்திவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், பத்து மூட்டை ஏற்றியிருந்தாலும் பாரம் குறைவு என்று நம்பி பின்சக்கரத்துக்குப் பிரேக்கைக் குறைத்துக் கொடுக்கும்.

கவிழ்வதைக் கணிக்க அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை ஒரு எளிய விகிதத்தைப் பயன்படுத்துகிறது. இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, எடைமையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு அகலம் 140 சென்டிமீட்டர், எடைமையம் 70 என்றால் விகிதம் 1. எடைமையம் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால் 0.93. எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம். வளைவில் குறுக்கே ஒரு ஆடு வந்து, ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்கும் நொடியில் அது சின்ன வித்தியாசம் இல்லை.

இனி லைட். பணம் பத்தவில்லை என்று முன்பக்கம் மட்டும் 5 சென்டிமீட்டர் உயர்த்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பொலேரோவில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 268 சென்டிமீட்டர். வண்டியின் மூக்கு அந்த விகிதத்தில் மேலே தூக்கிக்கொள்ளும். 25 மீட்டர் தூரத்தில் லைட் விழும் இடம் ஏறக்குறைய 46 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். டிம் லைட் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பது அந்தத் தூரத்தில் 25, 30 சென்டிமீட்டர் அளவுக்குத்தான். ஆக, டிம் போட்டாலும் அது டிம் இல்லை. விடியுமுன் பறித்த மல்லிகையை மூட்டையாகக் கட்டி, டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வைத்துக்கொண்டு சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு வருபவரின் கண்ணில் அது நேராக விழும். சில நொடிகள் அவருக்கு ரோடே இருக்காது.

இங்கேதான் அந்த நாற்பதாயிரத்துக்குத் திரும்ப வேண்டும். பெரும்பகுதி நான்கு டயருக்குப் போய்விடும். மீதியில் ஸ்பேசர், ஷேக்கிள், கூலி. கொஞ்சம் மிஞ்சினால் முன்னால் ஒரு இரும்பு பம்பர். அதற்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, ஆனாலும் மாட்டுவார்கள். நீளமான பிரேக் ஹோஸ், பிரேக் லைனிங், அலைன்மென்ட், லைட்டைத் தாழ்த்துவது எல்லாம் ‘அப்புறம் பாத்துக்கலாம்’ பட்டியலில். உயர்த்துகிற பொருளுக்கெல்லாம் காசு கிடைக்கிறது. நிறுத்துகிற பொருளுக்கு வரும்போது பட்ஜெட் முடிந்துவிடுகிறது.

எங்கள் மென்பொருள் தொழிலிலும் இதே வரிசைதான். காலக்கெடு நெருங்கும்போது யாரும் திரையில் தெரிகிற வசதியை வெட்டுவதில்லை. சோதனையைத்தான் வெட்டுவார்கள், ஏனென்றால் டெமோவில் சோதனை தெரியாது. பற்றாக்குறையின் கத்தி எப்போதும் கண்ணுக்குத் தெரியாத பக்கம் விழுகிறது. அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் நாம் இருப்பதில்லை, மற்றவர்கள் இருக்கிறார்கள்.

இன்சூரன்ஸ் பேச்சில் இதற்கு அழகான ஒரு சொல் இருக்கிறது: மூன்றாம் நபர். என் வண்டிக்கு நான் காப்பீடு எடுக்காமல் இருக்கலாம், மூன்றாம் நபருக்கு எடுத்தே ஆக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத, ஆனால் அதன் விளைவைச் சுமக்கக்கூடிய ஒருவர் உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ளும் இடம் அது. பட்டறையில் பேரம் நடக்கும்போது பூமூட்டைக்காரர் அங்கே இல்லை. ஆடித்தபசுக் கூட்டத்தில் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ரதவீதியைக் கடப்பவரும் இல்லை. இருந்திருந்தால் அவர்களும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள்.

சட்டம் இதற்கு மேலும் போகிறது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது.

இந்த இடத்தில் நியாயமான ஒரு கோபம் எழும். 2020-இல் வந்த மஹிந்திரா தார், கம்பெனியிலிருந்தே 226 மில்லிமீட்டர் தரை இடைவெளியோடு வருகிறது. வசதி உள்ளவர் உயரத்தை ஷோரூமில் வாங்கினால் சட்டபூர்வம், வசதி இல்லாதவர் பட்டறையில் கட்டினால் குற்றமா? இதற்கு ஒரு பாதிப் பதில் உண்டு. கம்பெனி அந்த உயரத்துக்கு ஏற்ற பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் சேர்த்து வடிவமைத்து, சோதித்துத்தான் விற்கிறது. மறுபாதிக்குப் பதில் இல்லை. ஐ.ஐ.எச்.எஸ். என்பது அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு. அது 2023 நவம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, பானட் 40 இஞ்சுக்கு மேல் உயரமுள்ள வண்டி பாதசாரியை மோதினால் மரணம் நேரும் வாய்ப்பு, 30 இஞ்சுக்குள் சரிந்த முகப்புள்ள வண்டியைவிட ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம். பானட் ஷோரூமில் உயர்ந்ததா, பட்டறையில் உயர்ந்ததா என்பது அடிபடுபவருக்கு ஒன்றுதான். தயாரிப்பாளரின் தாளிலிருந்து எவ்வளவு விலகினாய் என்று சட்டம் அளக்கிறது. மூன்றாவது ஆள் மீது எவ்வளவு ஏற்றினாய் என்பது வேறு அளவு. அந்த அளவில் ஷோரூம்காரரும் தப்ப முடியாது.

அமெரிக்கத் தத்துவவாதி டி.எம். ஸ்கான்லன் 1998-இல் எழுதிய நூலின் தலைப்பே, நாம் ஒருவருக்கொருவர் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதுதான். அவர் சொல்வதைச் சுருக்கினால்: உன் செயலுக்குப் பின்னால் இருக்கும் விதியை, அதனால் பாதிக்கப்படக்கூடியவர் நியாயமாக மறுக்க முடியும் என்றால் அந்தச் செயல் தவறு. பூமூட்டைக்காரரிடம் போய், “மழைக்காலத்துல காட்டுக்குப் போக வேற வழியில்ல, அதனால டயர மாத்தினேன், பிரேக்கும் லைட்டும் சரிபண்ணிட்டேன்” என்றால் அவர் தலையாட்டக்கூடும். அவரும் அதே மண்ணில் கால் புதைபவர்தான். “பம்பருக்குச் சரியாப் போச்சு, பிரேக்க அடுத்த வருசம் பாக்கணும்” என்றால்? அதை ஏற்கும்படி எந்த மனிதரிடமும் கேட்க முடியாது.

மாட்டுவண்டியும் உயரம்தானே என்று கேட்கலாம். மாட்டுவண்டி மணிக்கு 4 கிலோமீட்டரில் போகும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு கிலோவும் சுமப்பது அதைப்போல் 225 மடங்கு. அந்த உயரத்துக்குக் கேட்காத விலையை இந்த உயரத்துக்குக் கேட்டே ஆக வேண்டும்.

அப்படியானால் கையில் பணம் குறைவாக உள்ளவர் சேற்றில் மாட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. பதினைந்து வருட வண்டியில் பின்பக்கப் பட்டை பெரும்பாலும் தாழ்ந்துபோயிருக்கும். அதைப் புதிதாக மாட்டினாலோ, வளைவைச் சரிசெய்தாலோ வண்டி தன் பழைய உயரத்துக்கே வரும். அது மீட்பு, மாற்றம் இல்லை, சட்டத்தில் இடிக்காது. அதே அளவில் ஆல் டெரைன் டயர், சேற்றில் இறங்கும்போது காற்றைக் குறைத்து, ரோட்டுக்கு வந்ததும் நிரப்பிக்கொள்ள ஒரு சின்ன பம்ப். வேலை முடிந்ததும் வண்டியைச் சுவர் பக்கம் நிறுத்தி லைட்டைத் தாழ்த்த இரண்டு திருகு போதும், செலவு சாயங்காலத்தில் அரை மணி நேரம்.

இதற்குப் பிறகும் உயரம் வேண்டும் என்றால் கணக்கை அடியிலிருந்து போட வேண்டும். முதலில் பிரேக், பிறகு ஸ்டியரிங், பிறகு லைட், மிஞ்சினால் டயர். அப்படிப் போட்டு, டயருக்கு வரும்போது பணம் தீர்ந்துவிட்டால், அந்த உயரம் நமக்குக் கட்டுப்படியாகவில்லை என்று அர்த்தம். டயர் கடை பில்லில் இருப்பது அதன் விலையில் பாதிதான். மறுபாதியை நாம் கொடுக்காவிட்டால் அது தள்ளுபடி ஆவதில்லை. ரோட்டில் யாரோ ஒருவர் பெயரில் பாக்கியாக நிற்கிறது.