கை விரியும்வரை

ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கையில் ‘மூளையில் நீர்க்கட்டி’ என்று ஒரு வரி வந்துவிட்டால் அன்று அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. உண்மையில் அது மூளையைச் சூழ்ந்த நீரைச் சுரக்கும் கோராய்டு பிளெக்சஸில் சில மில்லிமீட்டர் அளவில் தேங்கிய திரவம். திரையில் வெளிர்ந்த திட்டுக்குள் ஒரு கறுப்புப் பொட்டு. அதனால் மூளைக்குக் கேடில்லை, பெரும்பாலும் ஏழாம் மாதவாக்கில் தானே வடிந்துவிடும். பிறகு ஏன் எழுதுகிறார்கள்? 18-ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கும் எட்வர்ட்ஸ் குறைபாட்டில் ஏறக்குறைய பாதிச் சிசுக்களிடம் இந்தக் கட்டி தென்படுகிறது. இதைக் கேட்ட மனம் உடனே தலைகீழாகப் புரட்டிக்கொள்கிறது: கட்டி இருந்தால் ஆபத்து பாதிக்குப் பாதி என்று.

கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்க்கலாம். 10,000 கர்ப்பங்களில் எட்வர்ட்ஸ் இரண்டு என்று வைத்துக்கொண்டால், அதில் ஒன்றில் கட்டி இருக்கும். குறையற்ற சிசுக்களில் நூற்றுக்கு ஒன்றில் கட்டி என்றாலும் அவை நூறு. ஆக, 101 கட்டிகளில் ஒன்றுதான் எட்வர்ட்ஸ். அந்த ஒன்றும் பெரும்பாலும் துணை இல்லாமல் வருவதில்லை: இதயத்தில் ஓட்டை, குன்றிய வளர்ச்சி, எல்லாவற்றுக்கும் மேலாக இறுக மூடிய கை. ஆள்காட்டி விரல் நடுவிரல்மேலும் சுண்டுவிரல் மோதிர விரல்மேலும் ஏறிக் கிடக்கும். அதனால்தான் கைதேர்ந்த மருத்துவர் கட்டியைக் கண்டதும் கையைத் தேடுகிறார். சிசு விரல்களை விரிக்கும்வரை காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இப்படித் தைரியம் சொன்னால் அந்த ஒன்று தவறிவிடாதா என்பது நியாயமான கேள்வி. தவறலாம். ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிவிடாது: இன்னொரு குரோமோசோம் குறைபாடான டவுன் உள்ள சிசுக்கள் பலவற்றில் ஸ்கேனில் பெரிய குறை எதுவுமே தெரிவதில்லை. ஆகவே தாயின் ரத்தத்தில் செய்யும் மரபணுச் சோதனையும், உறுதி செய்யப் பனிக்குட நீர்ச் சோதனையும் உண்டு என்று சொல்லியாக வேண்டும். நீர் எடுப்பதில் சிறிதளவு கருச்சிதைவு அபாயம் இருப்பதையும் கூடவே சொல்ல வேண்டும். தாய் பயந்துபோவாள், கட்டியைப் பற்றிச் சொல்லாமலே விட்டால் என்ன என்று கேட்பவர்கள் இரக்கத்தில்தான் கேட்கிறார்கள். ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. சுமக்கிறவள் அவள், முடிவெடுக்க வேண்டியவளும் அவள். அவளைக் கலங்கடிப்பது பெரும்பாலும் ‘நீர்க்கட்டி’ என்ற அந்தச் சொல் தன்னந்தனியாக நிற்பதுதான். அதே அறிக்கையில் அடுத்த வரியாக, ‘இரு கைகளும் விரிந்தன, இதயத்தின் நான்கு அறைகளும் சீராக உள்ளன’ என்று எழுத அரை நிமிடம்கூட ஆகாது.